சுருக்கச்சொல் விரிவு (ஈமாக்ஸ், விம்)

நிரல் எழுதுபவர் ஒரு குறுஞ்சொல்லைத் தட்டி இடைவெளி விட்டதும், எடிட்டரே அதை முழுச் சொல்லாகவோ வரியாகவோ மாற்றித் தரும் வசதி. 'ரெட்' என்று அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் 'ரிட்டர்ன்' வந்து நிற்கும். எது எதுவாக விரிய வேண்டும் என்பதைப் பயனரே வகுத்துக்கொள்கிறார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1976-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோர் டெகோ எடிட்டரின் மேக்ரோக்களைத் தொகுத்து ஈமாக்ஸை உருவாக்கினர். அந்தக் காலத்து ஈமாக்ஸிலேயே இருந்த இந்த வசதி, 1985-ல் வெளிவந்த குனு ஈமாக்ஸிலும் தொடர்ந்தது. அதில் எங்கும் செல்லும் பொதுப் பட்டியல் ஒன்றுண்டு. ஒவ்வொரு மோடுக்கும், அதாவது எழுதும் கோப்பின் வகைக்கேற்ற இயங்குமுறைக்கும், தனிப் பட்டியலும் உண்டு. சி மொழிக்கு வைத்த சுருக்கம், கடிதம் எழுதும்போது குறுக்கே வராது. சேமிக்கும் கோப்பில் ஒவ்வொரு சுருக்கமும் எத்தனை முறை விரிந்தது என்ற கணக்கும் பதிவாகிறது. ஆர்வத்தில் சேர்த்து மறந்துபோனவற்றைக் களையெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கலெல்லாம் அந்த ஒற்றை இடைவெளியில்தான். சொல்லை முடிப்பதும் அதுதான், விரிவைத் தூண்டுவதும் அதுதான். பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட விம் எடிட்டரில், 'இஃப்' என்பது அடைப்புக்குறிகளோடு விரிந்து கர்சர் உள்ளே நிற்குமாறு அமைத்தால், தட்டிய இடைவெளியும் அடைப்புக்குள் விழுந்துவிடும். அதை விழுங்குவதற்கென்றே 'ஈட்சார்' என்ற சிறு ஃபங்ஷனை விம்மின் உதவிக் கையேடு எழுதித் தருகிறது. ஈமாக்ஸில், விரிந்தவுடன் ஓடும் ஃபங்ஷனுக்கு ஒரு பண்பைச் சேர்த்து அந்த இடைவெளியைத் தடுக்கலாம். விரிவே வேண்டாமென்றால் விம்மில் கன்ட்ரோல்-வி, ஈமாக்ஸில் கன்ட்ரோல்-க்யூ அடித்துவிட்டு இடைவெளி விட வேண்டும்.

2004-ல் வந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டர், விரிவைத் தூண்டும் வேலையை டேப் விசைக்குக் கொடுத்தது. கேட்டால் மட்டும் விரியும் இந்த முறையை யாஸ்னிப்பெட் என்ற துணைநிரல் ஈமாக்ஸுக்குக் கொண்டுவந்தது.

தானாக விரியும் பழைய முறையும் செம்மைப்பட்டது. 2009-ல் வந்த ஈமாக்ஸ் 23-ல், சி மொழியில் இருந்த அதன் நிரல் ஈமாக்ஸ் லிஸ்ப்பில் திருத்தி எழுதப்பட்டது. இந்த இடத்தில் விரியலாமா என்று சோதிக்கும் ஃபங்ஷனை ஒரு பட்டியலுக்கோ தனிச் சுருக்கத்துக்கோ இணைக்க அப்போது வழி பிறந்தது. கர்சர் கமெண்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் நாலைந்து வரி ஃபங்ஷன் போதும். அங்கே 'ரெட்' என்று எழுதினால் அது 'ரெட்' ஆகவே இருக்கும்.