ஒரு கிண்ணத்தின் அளவு

பஸ்கா இரவில் யூதர் அருந்தும் திராட்சை ரசக் கிண்ணம் ஒரு ‘ரெவியித்’தேனும் கொள்ள வேண்டும் என்பது அவர்தம் சட்டம். அதை ஒன்றரை முட்டையளவு என்றும், 10.8 கனப் பெருவிரல் என்றும் கணக்கிடுவர். இரண்டும் ஒத்து வந்தால் வழக்கே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகர ரப்பி எஸக்கியேல் லாண்டாவ் அளந்து பார்த்தார். விரற்கணக்கு முட்டைக் கணக்கைப் போல் இரு மடங்காயிற்று. விரல் மாறவில்லை, முட்டையே சிறுத்துவிட்டது என்று தீர்ப்பளித்தார். கோழியின் மேல் பழி போட்ட துணிவை என்னென்பது!

மிஸ்ரில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூன் வேறு வழி கண்டார். தாமே அளவைக் கலம் செய்து நிறுத்து, ஒரு ரெவியித் நீர் ஏறத்தாழ 27 திர்ஹம் என்று அரபு மொழியில் எழுதிவைத்தார். அந்தத் திர்ஹமே பிற்காலத்தார்க்குப் பிடிமானமாயிற்று.

20ஆம் நூற்றாண்டில் ஜெருசலேத்து ரப்பி அவ்ராஹாம் ஹயீம் நாயே, உஸ்மானியத் திர்ஹமாகிய 3.2 கிராமைக் கொண்டு பெருக்கி 86.4 கன சென்டிமீட்டர் என்றார். விரலகலம் 2 சென்டிமீட்டர் எனக் கொண்டாலும் அதே விடை வந்தது. ‘ஹஸோன் இஷ்’ எனப் புகழ்பெற்ற ரப்பி கரேலிட்ஸோ (1878–1953) லாண்டாவின் வழி நின்றார், விரல் 2.4 சென்டிமீட்டர், கிண்ணம் ஏறக்குறைய 150. எபிரேய எழுத்தெண்ணில் ‘கிண்ணம்’ என்ற சொல் 86, ‘தகுந்த கிண்ணம்’ என்பது 150! நம் அப்ஜத் கணக்கை அறிந்தோர் இச்சுவையை உணர்வர்.

ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதால் எடையும் ஒன்றாகிவிடாது. இப்னு மைமூன் காலத்துத் திர்ஹம் உஸ்மானியரதைவிட இலேசானது, ஏறத்தாழ 2.8 கிராம் எனக் கொண்டால் கிண்ணம் 76க்குள் அடங்கிவிடுகிறது. அப்போது விரலும் 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தாக வேண்டும்.