உமலும் கோட்டையும்

மட்டக்களப்புப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பிய கோட்டையை வரலாறு போற்றுகின்றது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயல்களுக்குச் சென்ற உழவரும், வாவியில் வலைவீசிய மீனவரும் சுமந்த பனையோலை உமலையோ அது பெரிதும் மறந்தது.

உமலின் உறுதி, பொருளின் கனத்தாலன்றி வினைத்திறத்தால் அமைந்தது. பதமாக உலர்த்திய ஓலையைச் சீராக வார்ந்து சாய்வாக இழைப்பர். அடியிலிருந்து விளிம்புவரை ஓலை தொடர்வதால் தையலில்லை, பிரியும் மூட்டுமில்லை. பாரம் ஓரிடத்தே தங்காது எல்லா ஓலைக்கும் பகிரப்படும். வாயை மடித்துப் பொத்துவதில் கைத்திறன் புலப்படும்.

1938 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலோனும், பொலித்தீனும் காலப்போக்கில் உமலின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டன. கல் தன் சான்றைத் தானே காக்கும். மக்கும் ஓலைக்கோ இழைப்போர் கையே ஏடு. அக்கை ஓயுமுன் அதனைப் பதிவுசெய்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.