காட்சிக்கு முன்னே காவல்

ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், வீட்டுக் கொல்லையின் முருங்கை மரத்தடியில் முன்பின் காணாத பறவையொன்று நின்றுகொண்டிருக்கும். பச்சை முதுகு, தவிட்டு மஞ்சள் மார்பு, சிவந்த அடிவயிறு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை, வெட்டிவிட்டாற்போன்ற குட்டை வால். ஈரச் சருகுகளைப் புரட்டிப் புழு தேடும். நாம் சற்றே அசைந்தால் வேலியோரப் புதருக்குள் மறைந்துவிடும். அந்தி மயங்கும் நேரத்தில் இரட்டைச் சீழ்க்கையாக அதன் குரல் எழும். நாள்தோறும் ஏறத்தாழ ஒரே பொழுதில் கேட்பதால் நம் மக்கள் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டனர். தோட்டக்கள்ளன் என்ற பெயரும் உண்டு. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைப் பருவத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, வாடைக்கு முன்னரே தெற்கு நோக்கிப் புறப்பட்டு, நம் தோட்டங்களை வந்தடையும் பறவை அது. ஈழத்துத் தோட்டங்கள் வரை செல்வதும் உண்டு.

நம் சிறுவயதில் இப்பறவையை நாம் முதன்முதலாகக் கண்டது உண்டிவில்லின் கவைகளுக்கு இடையேதான். குறி தப்பவில்லை. ஓடிச்சென்று கையில் எடுத்தபோது உடலின் சூடு ஆறவில்லை. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. பாட்டி வந்து பார்த்து, "ஆறுமணிக்குருவியை அல்லவா அடித்துவிட்டாய்" என்று மட்டும் சொன்னார். அதன் பெயரை நாம் அறிந்துகொண்டது அப்படித்தான். அன்று மாலை ஆறு மணிக்குக் கொல்லை பேசாமல் இருந்தது.

அந்த மௌனம் நம்மை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. பறவைகளைப் பற்றி நாம் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான். படிக்கப் படிக்க ஒரு செய்தி புலனாயிற்று. பறவை நோக்குதல் என்பது தொலைநோக்கியோடும் குறிப்பேட்டோடும் மேலைநாட்டார் நமக்குக் கொண்டுவந்த கலை என்றே பலரும் எண்ணுகிறோம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல்கள் இத்துறையின் அடிக்கற்களுள் ஒன்று. ஆயினும் நம் மண்ணில் பறவைகளின் வரலாறு நூலில் தொடங்கவில்லை, ஏரிக்கரையில் தொடங்கியது.

பருவங்களை ஆறாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். குளிர்நாடுகளில் இப்பருவம் இலை உதிரும் காலம். நமக்கோ ஏரி நிறையும் காலம். வடக்கே நீர்நிலைகள் உறையத் தொடங்கும் வேளையில் இங்கே வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்புகிறது. அங்கே கதவு அடைபடும்போது இங்கே கதவு திறக்கிறது. வறுமையில் வாடி மதுரையில் தங்கியிருந்த சத்திமுற்றப் புலவர், தம் மனைவிக்குத் தூது விட்ட நாரையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சிவந்த கால்களும் பனங்கிழங்கை ஒத்த அலகும் உடைய அந்நாரை, குமரித்துறையில் ஆடிவிட்டுத் துணையோடு வடக்கே திரும்பும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். பறவைகள் வலசை வந்து மீள்கின்றன என்னும் உண்மை அவருக்கு ஊரறிந்த செய்தி. அந்தச் செங்கால் நாரை இன்று தென்னாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

கவுல் கேட்ட சிற்றூர்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல் ஏரி மிகப் பெரியதன்று. பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர். ஏரிக்குள்ளேயே கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் நீரில் நனைந்தபடி நிற்கின்றன. அவற்றில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் கூடுகட்டுகின்றன. வேடர் தங்கும் ஊர் என்பதே பெயரின் பொருள் என்பர். வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊரே பறவைக் காவலுக்கு முன்னோடியாயிற்று என்பதை எண்ணும்தோறும் வியக்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள் அவை. கும்பினியாரின் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுச் சென்றனர். ஊரார் இதைப் பொறுக்கவில்லை. அப்போது செங்கற்பட்டுச் சீமையின் ஆட்சியராயிருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகத்தின் ஏரி காத்த இராமர் கதையில் வரும் அதே துரை. ஊரார் அவரிடம் முறையிட்டு, எவரும் இந்த ஏரியில் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று கவுல் எழுதி வாங்கினர். 1858இல் அந்த உரிமையை மீண்டும் புதுப்பித்துப் பெற்றனர். அரசு அந்த ஏரியைப் பறவைப் புகலிடமாக ஏற்றது 1936இல்தான். அதாவது, அரசு காக்க முன்வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் முன்பே உழவர்கள் காத்துக்கொண்டிருந்தனர்.

அவர்கள் ஏன் காத்தனர்? அருளால் மட்டும் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, அந்நீர் வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. இதை உழவர்கள் எந்த ஆய்வுக்கூடத்தின் துணையுமின்றிக் கண்டறிந்திருந்தனர். பயன் கருதிய காவல்தானே என்று இதனை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பயன் கண்டவர்கள் உலகில் ஏராளம். பயன் தரும் உயிருக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்கள் சிலரே. கிளையை வெட்டாமலும், கூடு நிறைந்த மரத்தை அணுகாமலும், துப்பாக்கியை எதிர்த்துப் பேசத் துணிந்தும் அவ்வூரார் தம் பங்கைச் செலுத்தினர். துரைக்கு முன்னால் நின்று நாரைக்காக வழக்குரைப்பது அந்நாளில் எளிய செயலன்று.

எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியல் அறிஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996), வேடந்தாங்கலைப் பற்றி விரிவாக எழுதி அதன் பெருமையை வெளியுலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர். 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களாயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2020இல், புகலிடத்தைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் காப்பெல்லையைக் குறைக்கும் முன்மொழிவு எழுந்து பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. கவுல் கேட்கும் வேலை இன்னும் முடியவில்லை.

வந்தவையும் பிறந்தவையும்

வேடந்தாங்கலில் காணும் பறவை யாவும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று செய்தித்தாள்கள் எழுதுவதும், நாமும் அவ்வாறே பிள்ளைகளுக்குச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இது பிழை. மரங்களில் கூடுகட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் நம் நாட்டுப் பறவைகளே. நீரும் இரையும் உள்ள இடம் தேடி ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு இடம் பெயர்பவை. வடதிசையிலிருந்து வருபவை வேறு: ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் முதலியன. அவை இங்கே கூடுகட்டுவதில்லை. குளிர்காலத்தை உண்டு உறங்கிக் கழித்துவிட்டுப் பங்குனி வாக்கில் தாய்மண்ணுக்குத் திரும்புகின்றன. முன்னவை நம் வீட்டுப் பிள்ளைகள், பின்னவை விருந்தினர். இரு சாராரும் ஒரே ஏரியை நம்பியிருக்கிறார்கள்.

விருந்தினர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அறிய அறிஞர்கள் மேற்கொண்ட வழி எளியது. பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் பூட்டி விட்டுவிடுவது. டென்மார்க்கில் மார்ட்டன்சன் என்னும் ஆசிரியர் 1899இல் இதைத் தொடங்கினார். நம் நாட்டில் சாலிம் அலி (1896–1987) வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் இப்பணியைப் பெரிய அளவில் மேற்கொண்டது. அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று நம் கோடிக்கரை. வலையும் கண்ணியும் வைத்துப் பறவை பிடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட பீகாரியர்கள் அங்கே அமர்த்தப்பட்டனர். கொல்வதற்காகப் பழகிய கைகள், ஓர் இறகும் உதிராமல் பறவையைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கும் கைகளாயின. உண்டிவில் ஏந்திய நமக்கு இச்செய்தி தனி ஆறுதல் தருகிறது.

ஓசையில்லாத தீபாவளி

கூதிர்ப் பருவத்தில்தான் தீபாவளியும் வருகிறது. ஊர் முழுதும் வெடியோசை அதிரும் அந்த நாளில், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக அவ்வூரார் பல்லாண்டுகளாக மேற்கொண்டு வரும் நோன்பு அது. அரசு அக்கண்மாய்களைப் புகலிடமாக அறிவித்தது 1977இல். தீபாவளியன்று வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்கி நன்றி தெரிவிக்கின்றனர். பெரியவர்கள் தம் விருப்பத்தை அடக்குவது அரிதன்று. ஆனால் ஒரு சிறுவன், அடுத்த ஊரின் வாணத்தைத் தொலைவில் பார்த்துக்கொண்டு, தன் கையை வெறுமையாக வைத்திருக்கிறானே, அவனுடைய கொடை பெரிது.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் காவல் இன்னும் நெருக்கமானது. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்தின் மரங்களோடு நிற்பதில்லை. ஊருக்குள் வந்து, வீட்டுக் கொல்லையில் உள்ள வேம்பிலும் புளியிலும் கூடுகட்டுகின்றன. கூரையெங்கும் எச்சம்; காற்றில் மீன் நாற்றம்; இரவெல்லாம் குஞ்சுகளின் இரைச்சல். ஆயினும் விரட்டுவாரில்லை. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் உண்டு என்பது அவ்வூர் நம்பிக்கை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பதும் உண்டு. 1994இல் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இக்குளத்துக்கு, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளும் விருந்தாளிகள். 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கவல்ல அப்பறவைகள், ஒரு குக்கிராமத்தின் குளத்து நீரில் இறங்கி இளைப்பாறுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் குப்பை மேடுகளாலும் கட்டடங்களாலும் குறுகிக் குறுகி, பழைய பரப்பின் சிறு பகுதியாய்ச் சுருங்கிவிட்டது. எஞ்சியதில் 1,247 எக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கவுல் கேட்க ஓர் ஊர் இல்லை, நகரம் இருந்தது. நகரத்தார் நாம்.

வாசலில் ஒரு கதிர்

ஏரிக்கரையில் வாழாத நம்மால் ஆவது என்ன? குளிர்நாடுகளில் தோட்டந்தோறும் தீனித்தட்டு தொங்கவிடுகிறார்கள். நமக்கும் அத்தகைய மரபு உண்டு. அறுவடையானதும் நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் தொங்கவிடுவது சிட்டுக்குருவிக்காகவே. மாடிச் சுவரில் ஒரு மண்சட்டியில் நீரும், ஒரு கைப்பிடி நொய்யோ கம்போ வைத்தால், சிட்டும் புறாவும் தேடி வரும்.

ஆனால் கூதிர் விருந்தினர் பலர் தானியம் தின்பவரல்லர் என்பதை நினைவில் கொள்வோம். ஆறுமணிக்குருவிக்கும் வாலாட்டிக்கும் வேண்டியவை புழுவும் பூச்சியும். ஆறுமணிக்குருவி அவற்றைத் தேடுவது மட்கும் சருகுகளுக்கு அடியில். ஆகவே அதற்கு நாம் வைக்கக்கூடிய தலைசிறந்த தீனித்தட்டு, கொல்லையின் ஒரு மூலையில் கூட்டிக் கொளுத்தாமல் விட்டுவைக்கும் சருகுக் குவியலே. பூச்சிமருந்து தெளிக்காத நான்கு செடிகள் போதும். செலவு ஒன்றுமில்லை, தூய்மை பற்றிய நம் பிடிவாதத்தைச் சற்றே தளர்த்தினால் சரி.

அதன்பின் எண்ணிப் பார்க்கலாம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் அமைதியாக நின்று, கண்ட பறவைகளைக் குறித்துத் தந்தால் போதும். வீட்டு மாடியும் அதற்கு ஏற்ற இடமே. பிள்ளைகளை உடன் நிறுத்திக்கொள்வோம். முதலில் அவர்கள் கற்பது பறவையின் பெயரை அன்று, அசையாமல் நிற்பதை. பெயர் பிறகு வரும். நமக்கு வந்த வழியில் வராமல், நல்ல வழியில் வரும்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் இம்மாலையில் மழை விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டாரின் கொய்யா மரத்துக்குப் பின்னாலிருந்து இரட்டைச் சீழ்க்கை எழுகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம். ஆறடிக்க இரண்டு நிமிடம்.