இளையோர் குறுக்குநிலப் பனிச்சறுக்கு

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் எனப்படும் குறுக்குநிலப் பனிச்சறுக்கு, பனி மூடிய பாதையில் ஏற்றம், இறக்கம், சமதளம் மூன்றையும் தன் கை, கால் வலிமையால் மட்டுமே கடக்கும் நெடுந்தூர விளையாட்டு. இதில் இளம் வீரர்கள் நாட்டுக்காகக் களமிறங்கும் முதல் பெரிய மேடை நார்டிக் இளையோர் உலகச் சாம்பியன்ஷிப். மூச்சுத்திறனும் தசைத்திறனும் மெல்ல மெல்ல முதிரும் விளையாட்டு என்பதால், 18 வயதில் கிடைக்கும் பதக்கத்தை இத்துறையினர் தொடக்கமாகவே கருதுகின்றனர்.

போட்டிப் படிகள்

இவ்விளையாட்டை நிர்வகிக்கும் சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பு 1924இல் பிரான்சின் ஷமோனியில் உருவானது. முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் அதே ஆண்டில், அதே ஊரில்தான். நார்வேயின் தோர்லைஃப் ஹாக் அங்கே 18 கி.மீ., 50 கி.மீ. பந்தயங்கள் இரண்டையும் வென்றார். பெண்களுக்கான ஒலிம்பிக் பந்தயம் 1952இல் ஆஸ்லோவில் சேர்க்கப்பட்டது.

இளையோர் உலகச் சாம்பியன்ஷிப் 1977இல் சுவிட்சர்லாந்தின் சென்ட்-குவாவில் தொடங்கியது. போட்டி நடக்கும் ஆண்டில் 20 வயதை எட்டுவோர் வரை இதில் பங்கேற்கலாம். இளையோர் பிரிவைக் கடந்தவர்கள் உடனே உலகக் கோப்பையின் முன்னணி வீரர்களோடு மோத நேர்வதால் பலர் துவண்டு விலகினர். அந்த இடைவெளியை நிரப்பும் 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு 2006 முதல் உடன் நடக்கிறது. இவை தவிர, இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு உண்டு. அது 2012இல் இன்ஸ்புரூக்கில் தொடங்கி, 2016இல் லில்லஹாமர், 2020இல் லோசான், 2024இல் கேங்வான் ஆகிய இடங்களில் நடந்தது.

பந்தய வகைகள்

பந்தயங்களில் இரண்டு நடைகள் உண்டு. கிளாசிக் நடையில் ஸ்கீக்கள் பனியில் வெட்டிய இணைத்தடங்களுக்குள் நேராகச் செல்லும். ஃப்ரீ நடையில் வீரர் ஸ்கேட்டிங் போலப் பக்கவாட்டில் உந்திச் செல்வார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில் கோச் ஸ்கேட்டிங் உந்தலைப் பரவலாக்கினார். பழைய நடை அழிந்துவிடாதிருக்க இரண்டையும் தனித்தனிப் பந்தயங்களாகப் பிரித்தனர். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரு நடைகளுக்கும் இடம் கிடைத்தது.

தனிநபர் பந்தயத்தில் வீரர்கள் 30 விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவர். எதிராளி எங்கே இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிண்டில் தகுதிச் சுற்றின் முதல் 30 பேர் ஆறு பேர் கொண்ட குழுக்களாக மோதுவர். காலிறுதி, அரையிறுதி, இறுதி என அனைத்தும் ஒரே நாளில் முடியும். ஆகவே வேகத்தைப் போலவே, சுற்றுகளுக்கு இடையில் உடலை மீட்கும் திறனும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. தொடர் பந்தயத்தில் நால்வர் ஓடுவர். முதல் இருவர் கிளாசிக், அடுத்த இருவர் ஃப்ரீ.

தடத்தில் ஏற்றம், இறக்கம், மேடுபள்ளமான நிலம் ஆகியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீதம் இருக்க வேண்டும். தடத்தின் மிகக் குளிரான இடத்தில் வெப்பநிலை −20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் பந்தயம் தொடங்காது.

மெழுகு

கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும். வீரர் எடையை ஒரு காலில் இறக்கி உதைக்கும்போது மட்டும் அந்த வளைவு தட்டையாகி, அங்கே பூசியுள்ள பிடிமெழுகு பனியைப் பற்றிக்கொள்ளும். எடை நீங்கியதும் ஸ்கீ வழுக்கிச் செல்லும். மெழுகு குறைந்தால் ஏற்றத்தில் கால் பின்வாங்கும். மிகுந்தால் பனி ஒட்டிக்கொண்டு வேகம் செத்துவிடும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாள்கள்தாம் மெழுகுப் பணியாளர்களுக்குப் பெரும் சோதனை. நிழலில் உலர்பனியும் வெயிலில் ஈரப்பனியும் ஒரே தடத்தில் கிடக்கும். எனவே அவர்கள் பல ஜோடி ஸ்கீக்களைப் புறப்பாடு வரை தடத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மெழுகுக்குச் செலவிட முடிந்த நாடுகளே முந்தும் நிலை நெடுங்காலம் இருந்தது. நீரை விலக்கும் ஃபுளோரின் கலந்த மெழுகுகள் விலை மிக்கவை. அவற்றிலுள்ள சேர்மங்கள் மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. 2023–24 பருவம் முதல் கூட்டமைப்பு அவற்றை முழுமையாகத் தடை செய்தது. சிறிய நாடுகளின் இளம் வீரர்களுக்கு இது நியாயமான முடிவு.

வளர்ச்சியும் வயதும்

மிக வலுவான நாடான நார்வே, குழந்தைகளைப் போட்டிக்கு அவசரப்படுத்துவதில்லை. அந்நாட்டு விளையாட்டு விதிகளின்படி, 11 வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியல் வெளியிடக்கூடாது. 13 வயதுக்கு முன் சாம்பியன்ஷிப் கிடையாது. சிறுவயதில் உயரமும் பலமும் பெற்றவர் வெல்வதும், தாமதமாக வளர்பவர் மனமுடைந்து விலகுவதும் இயல்பாக நடக்கும் என்பதே இதன் காரணம். கோடையில் சக்கரம் பொருத்திய ரோலர் ஸ்கீயிலும் ஓட்டத்திலும் பயிற்சி தொடரும். அதில் பெரும்பங்கு, பேசிக்கொண்டே செல்லக்கூடிய மிதமான வேகத்தில் நடப்பது.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

1996இல் பிறந்து டிரொன்ஹெய்மில் வளர்ந்த யோஹானஸ் ஹோஸ்ஃப்ளோட் கிளேபோவுக்குப் பயிற்சியாளர் அவருடைய தாத்தா கோரே ஹோஸ்ஃப்ளோட். கிளேபோ 2016இல் ருமேனியாவின் ரஷ்னோவில் நடந்த இளையோர் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். இரண்டே ஆண்டில், 21 வயதில், பியாங்சாங் ஒலிம்பிக்கிலும் மூன்று தங்கம். 2025இல் சொந்த ஊரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பிரிவின் ஆறு தங்கங்களும் அவருக்கே கிடைத்தன.

இவ்வளவு விரைவான ஏற்றம் அரிது. அமெரிக்க இளையோர் அணி 2019இல் லாட்டியிலும் 2020இல் ஓபர்வீசன்தாலிலும் ஆண்கள் தொடர் பந்தயத்தை வென்று ஸ்காண்டிநேவிய நாடுகளைத் திகைக்க வைத்தது. அந்த அணியிலிருந்த அலாஸ்காவின் கஸ் ஷூமாக்கர் முதல் உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றது 2024 பிப்ரவரியில், மினியாபொலிசின் 10 கி.மீ. பந்தயத்தில். இளையோர் தங்கத்துக்கும் அந்த வெற்றிக்கும் நடுவே நான்கு ஆண்டு உழைப்பு இருந்தது. இந்தக் காத்திருப்புக்கு இடம் தரும் பயிற்சியாளர்களும் சங்கங்களும் உள்ள நாடுகளிலேயே இளையோர் வெற்றி நிலைத்த வெற்றியாகிறது.