மாணாக்கர் வாசிப்பு: ஏடு முதல் இன்று வரை

உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் பாடநூலுக்கு அப்பால் எதையும் வாசிப்பதில்லை என்னும் குறை நம் குடியிருப்பில் அடிக்கடி எழுகின்றது. தமிழில் மளமளவென்று பேசும் சிறுவன், ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைத் தாயிடம் நீட்டி, “நீயே படி” என்கிறான். இந்நிலைக்கு அவனை மட்டும் நோவதிற் பயனில்லை. வாசிப்பு வளர்ந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கன் முதலில் மணலிலே விரலால் எழுதினான். ஓலையும் எழுத்தாணியும் பின்னரே அவன் கைக்கு வந்தன. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி யாவும் நெட்டுருவாயின. ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. பாடலை முன்னரே மனத்தில் வைத்திருந்தவனுக்குத்தான் ஏடு தடையின்றிப் பேசும். ஆகவே அக்கால நெட்டுருவை இகழ்வது தகாது. அன்று வாசிப்புக்கு அதுவே திறவுகோல். மணலெழுத்தைச் சென்னையிற் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1797 இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை இது!

1835 இல் அச்சுக்கிருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், எளிய வசனத்தில் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். ஏட்டில் இல்லாத புள்ளியும் நிறுத்தற்குறியும் அச்சில் வந்தன. எனினும் பழைய இலக்கியம் சந்தி சேர்ந்தே கிடந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் சந்தி பிரித்து, மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புகளே அவற்றைச் சாமானிய மாணாக்கனும் எட்டும்படி செய்தன. எழுத்தின் அமைப்பும் நூலின் விலையும் வாசிப்பை எவ்வளவு தூரம் ஆளுகின்றன என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், தேர்வு கல்வியின் எசமானன் ஆயிற்று. மூலத்தைத் தொடாமல் ‘நோட்ஸ்’ படிக்கும் வழக்கம் பின்னர் வேரூன்றியது. திண்ணைப் பள்ளி மாணாக்கன் மூலத்தையேனும் நெட்டுருச் செய்தான். இவனோ பிறர் எழுதிய விடையை நெட்டுருச் செய்தான்.

இதற்கு மாற்றாக அமைந்தது நூல் நிலைய இயக்கம். சீர்காழியிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் இதன் உயிர்நாடி. 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியிலே நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. 1948 இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. வார இதழ்களின் பங்கும் பெரிது. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாரந்தோறும் எதிர்பார்த்து வாசித்தோரும், இதழ்களைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்தோரும் எத்தனை பேர்! சிறுவர்க்கு 1947 முதல் ‘அம்புலிமாமா’ வாய்த்தது.

இனி நம் தலைநகரம். ரங்கநாதன் 1947 இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகக் கலை கற்பித்தார். 1951 இல் யுனெஸ்கோ உதவியுடன் தில்லிப் பொது நூலகம் திறக்கப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் அங்கே இந்தி, உருது, ஆங்கில நூல்களே இடம்பெற்றன. தமிழ்க் குடும்பங்களுக்கு, 1923 இல் தொடங்கிய தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும், 1946 இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூல் நிலையமும் துணைநின்றன. இங்கு வளரும் பிள்ளைக்கு வீட்டில் ‘வந்தாங்க’, நூலில் ‘வந்தார்கள்’. தெருவில் சுவரொட்டியும் கடைப் பலகையும் தமிழில் இல்லை. சென்னைச் சிறுவன் பேருந்தில் போகும்போதே பெறும் பயிற்சியை இவன் தேடிப் பெற வேண்டியிருக்கிறது.

அவ்வாறு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றவனும், தாத்தா பைண்டு செய்து வைத்த பழைய தொகுதியைத் திறந்தால் தயங்கி நிற்கிறான். 1978 இல் தமிழக அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் வடிவங்கள் அவனுக்குப் புதியன. மாறியவை மொத்தம் 13 எழுத்துகளே. ஒரு தாளில் பழையதையும் புதியதையும் எதிரெதிராக எழுதித் தந்தால் ஒரு மாலைப் பொழுதில் பழகிக்கொள்வான்.