கல்லில் ஏறாத கணக்கு

திருச்சி காந்தி மார்க்கெட்டின் முன்னே முதல் உலகப் போரை நினைவூட்டும் சின்னம் ஒன்று நிற்கிறது. வண்டிகளின் இரைச்சலுக்கும் காய்கறி மூட்டைகளின் நெரிசலுக்கும் நடுவே அதனை நிமிர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. தமிழகத்தின் எத்தனையோ சிற்றூர்களிலும் அந்தப் போரின் நினைவாகச் சிறு கற்பலகைகள் சுவர்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் மாண்டனர்.

சென்றவர் ஒரு தொகை. மாண்டவர் மற்றொரு தொகை. கூட்டல் கழித்தல் கற்ற சிறுவனும் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, மீண்டவர் இத்தனை பேர் என்று சொல்லிவிடுவான். ஆனால் மீண்டவர் எப்படி மீண்டனர்? எத்தனை பேர் குளிர்சுரத்தை உடலில் சுமந்து வந்தனர்? எத்தனை பேர் இருமி இருமி இளைத்தனர்? எத்தனை பேர் நள்ளிரவில் அலறி எழுந்தனர்? அந்தக் கணக்குக் கல்லில் ஏறவில்லை. கல்லில் ஏறாத அந்தக் கணக்கைத்தான் நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

விழுப்புண்ணும் உட்புண்ணும்

வீரத்தைப் போற்றுவதில் தமிழன் யாருக்கும் பின்வாங்கியவன் அல்லன். களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள் என்று தொடங்கி வாழ்த்து வரையில் ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். மார்பில் பட்டது விழுப்புண் என்றும் முதுகில் பட்டது புறப்புண் என்றும் பிரித்துப் பெயரிட்டனர் நம் முன்னோர். வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்த நாணம் தாளாது வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

மார்புக்கும் முதுகுக்கும் பெயர் சூட்டிய நாம், குருதியிலும் குடலிலும் நரம்பிலும் நெஞ்சிலும் பட்ட புண்ணுக்கு என்ன பெயர் வைத்தோம்? அதனை உட்புண் என்று சொல்லலாம். உட்புண் பட்டவனுக்கு நடுகல்லும் இல்லை, நாட்டின் நன்றியும் இல்லை. எனினும் நம் இலக்கியத்தில் ஒரு விளக்கு எரிகிறது. நெடுநல்வாடையில் பாண்டிய மன்னன் உறக்கம் துறந்து, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாசறையைச் சுற்றி வந்து, புண்பட்ட வீரர்களைத் தானே சென்று காண்கிறான். அந்தக் காட்சியை எழுதிய புலவனுக்குத் தெரிந்த ஒன்று பின்னாளைய பேரரசுகளுக்குத் தெரியாமற் போயிற்று. போர் முடிவது வெற்றி முரசு ஒலிக்கும்போதன்று; புண் ஆறும்போதுதான்.

பசியும் பட்டாளமும்

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். 74,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று ஈராக் எனப்படும் மெசபொடேமியா, இந்தியச் சிப்பாய்கள் மிகுதியாக அனுப்பப்பட்ட களம். மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்கே பணியாற்றினர். அந்தக் களத்தில் குட் என்ற நகரைத் துருக்கியர் முற்றுகையிட்டனர். 1915 டிசம்பரில் தொடங்கிய முற்றுகை 147 நாட்கள் நீடித்து, 1916 ஏப்ரல் 29-ஆம் நாள் சரணாகதியில் முடிந்தது.

அந்த நகருக்குள் நடந்தது அறிவியலுக்கு ஒரு பெரும் பாடம். வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. கால் மரத்தது, நரம்பு தளர்ந்தது, இதயம் சோர்ந்தது. தவிட்டோடு அரைத்த கோதுமை மாவைத் தின்ற இந்தியச் சிப்பாய்களை அந்த நோய் அண்டவில்லை. ஆனால் காய்கறியும் கனியும் இல்லாமையால் அவர்களை ஸ்கர்வி பற்றியது. ஈறு வீங்கிற்று, பல் ஆடிற்று, பழம்புண்களும் வாய் திறந்தன. உணவு தீர்ந்தபோது ஆங்கிலேயர் குதிரை இறைச்சியைத் தின்றனர். ஸ்கர்வியிலிருந்து பெரிதும் தப்பினர். இந்தியச் சிப்பாய்களோ மத வழக்கத்துக்கு அஞ்சி நெடுநாள் அதனைத் தொடவில்லை. மதத் தலைவர்களின் அனுமதியைக் கம்பியில்லாத் தந்தி வழியே தருவித்த பின்னரும் பலர் தயங்கினர். பட்டாளத்தைப் பட்டினிக்குள் தள்ளியவர் தளபதிகள். அந்தப் பட்டினியிலும் தின்னாதே என்று தடுத்தது மதம். இரண்டுக்கும் நடுவே நைந்தது ஏழையின் உடல்!

மெசபொடேமியாவில் மருத்துவ ஏற்பாடு சீர்குலைந்து கிடந்ததை 1917-ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெட்டவெளிச்சம் ஆக்கிற்று. இந்திய விவகார அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். அமைச்சர் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். சிப்பாயும் வீட்டுக்கு வந்தான், மரத்த காலோடும் தளர்ந்த நெஞ்சோடும்.

இங்கே மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராபர்ட்ஸ் பிரபு முதலானோர், இன்ன இனத்தார் போர்க்குடியினர், இன்ன இனத்தார் அல்லர் என்று ஒரு கோட்பாடு கட்டினர். பிறப்பால் தொழில் என்ற நம் நாட்டுப் பழைய நோய்க்கு அவர்கள் பட்டாளச் சட்டை மாட்டினர். சென்னை மாகாணத்தவன் போருக்குத் தகுதியற்றவன் என்றனர். 1920-களில் மதராஸ் ரெஜிமெண்டையே கலைத்தனர். அடுத்த பெரும்போர் வந்ததும் 1941-இல் அதே ரெஜிமெண்டை மீண்டும் திரட்டினர்! தேவைப்பட்டபோது வீரன், தேவை தீர்ந்தபோது வீணன். ஒருவன் வீரத்தைப் பிறப்பை வைத்து அளக்கும் அரசு, அவன் வலியை மட்டும் நேர்மையாக அளந்திருக்குமா?

ஒருவர்க்கு நூற்றிருபது பேர்

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகியது. பர்மாக் காடுகளில் அந்தப் படைக்கு ஜப்பானியரினும் கொடிய பகை ஒன்று இருந்தது, அது கொசு. 1943-ஆம் ஆண்டில் காயம்பட்டுக் களத்திலிருந்து அகற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அகற்றப்பட்டவர் 120 பேர் என்று, பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் தம் நூலில் எழுதியிருக்கிறார். குண்டு ஒருவனை வீழ்த்திற்று. நோய் நூற்றிருபது பேரை வீழ்த்திற்று!

1942-இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. உலகின் கொயினாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்து கொண்டிருந்தது. நீலகிரியின் நடுவட்டத்தில் சிங்கோனா வளர்த்துக் கொயினா வடித்த நம் மாகாணத்தின் விளைச்சல் அந்தப் பெருந்தேவைக்கு எம்மாத்திரம்! மெபாக்ரின் என்ற செயற்கை மாத்திரை வந்தது. தின்றவர் தோல் மஞ்சளாயிற்று. மாத்திரையைச் சிப்பாய் விழுங்குகிறானா என்று திடீர்ச் சோதனை நடத்தி, கடமை தவறிய அதிகாரிகளைப் பதவி நீக்கினார் ஸ்லிம். நோய் குறைந்தது. கண்டிப்பும் அறிவியலும் கைகோத்தால் நோய் அடங்கும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த அக்கறை போர் முடியும் வரையில்தான். சண்டையிடும் உடலுக்குத்தான் மாத்திரை. சண்டை முடிந்த உடலுக்கு?

வைவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி, சுரம் தணிந்த பின்னும் ஈரலில் ஒளிந்து உறங்கும். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ விழித்தெழுந்து மீண்டும் சுரமாய்ப் பாயும். உறங்கும் அந்த வடிவத்தை அறிவியலார் கண்டறிந்தது 1980-களின் தொடக்கத்தில். அதனை அழிக்கும் பிரிமாகுவின் மருந்து புழக்கத்துக்கு வந்தது 1950-களில். 1945-இல் ஊர் திரும்பியவனுக்கு இரண்டும் இல்லை. குளிர் கண்டு அவன் நடுங்கியபோது ஊர் என்ன சொல்லிற்று? தெய்வக் குற்றம் என்றது. செய்த பாவம் என்றது. மந்திரித்துக் கயிறு கட்டிற்று. கயிறு கையில் இருந்தது. கிருமி ஈரலில் இருந்தது!

ஜப்பானியரிடம் சிறைப்பட்டோர் நிலை இன்னும் கொடிது. பர்மா-சயாம் ரயில் பாதையில் உழைத்த பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பின்னாளில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியார் ஆராய்ந்தனர். விடுதலை பெற்று 30 ஆண்டுகள் கடந்த பின்னும் சிலர் குடலில் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்னும் புழு உயிரோடு இருந்தது. அந்தப் புழு உடலுக்குள்ளேயே பெருகிப் பல்லாண்டு வாழ வல்லது. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். தப்பிப் பிழைத்த தமிழர் குடலைத் தேடிச் சென்று எந்தப் பள்ளி ஆராய்ந்தது?

அதே தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். 1944-இல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய அந்தப் படையைக் கொட்டும் மழையில் பசியும் சீதபேதியும் மலேரியாவும் அரித்தன. விடுதலை பெற்ற நாடு அவர்களைப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972-இல்தான். நோய் 28 ஆண்டுகள் காத்திருக்குமா?

பேயன்று, புண்!

உடற்புண்ணாவது சுரமாகத் தெரியும். உளப்புண்? 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் குண்டதிர்ச்சி நோயைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். ஆயினும் அந்தப் போரில், ஓடினர், கோழைகளாயினர் என்று தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது பிரிட்டன். அவ்வாறு மாண்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006-இல். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு! பெருந்துயருக்குப் பின் நெடுநாள் நீடிக்கும் மனக்கோளாறு என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அந்த நோய்க்கு முறையாக ஒரு பெயரை ஏற்றது 1980-இல். அங்கே அதற்குக் கோழைத்தனம் என்று பெயர். நம் ஊர்களில் பேய் என்று பெயர். அங்கே துப்பாக்கி, இங்கே வேப்பிலை. அறியாமைக்கு நாடு ஏது, நிறம் ஏது?

செல்வமும் அறிவியலும் செழித்த அமெரிக்காவிலும் கதை வேறன்று. 1991 வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்கர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். தீராத அயர்ச்சி, மூட்டுவலி, மறதி என்று அவர்கள் முறையிட்டபோது, மன உளைச்சல்தான் காரணம் என்று பல ஆண்டுகள் தட்டிக் கழித்தனர். 2008-இல் அரசு அமைத்த ஆய்வுக் குழுவே, நோய் மெய்யானது, சென்றவர்களில் நால்வரில் ஒருவரையேனும் பற்றியிருக்கிறது என்று கூறியது. குண்டுவீச்சாலும் கிடங்குத் தகர்ப்பாலும் காற்றில் கலந்த சாரின் நச்சுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2022-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்து சான்று காட்டினர். 31 ஆண்டுகள்! நோயாளி பொய்யன் அல்லன் என்று நிறுவ ஒரு தலைமுறை தேவைப்பட்டது.

மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. குண்டு பட்டவன் தழும்பைக் காட்டலாம். நோய்ப்பட்டவன் எதைக் காட்டுவான்? இந்த நோய் பணியால் வந்ததா, இயல்பாய் வந்ததா என்று அலுவலகம் கேட்கிறது. நீயே மெய்ப்பி என்கிறது. அலுவலகத்திடம் ஏடுகள் உண்டு. அவனிடம் இருமல் மட்டுமே உண்டு.

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சேரும்போது மருத்துவச் சோதனையில் நோய் ஏதும் குறிக்கப்படாதவன் பணிக்காலத்தில் நோயுற்றால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதனை நிறுவும் பொறுப்பு அரசினுடையது. ஐயத்தின் பயன் சிப்பாய்க்கே உரியது. தெளிந்த நீதி! ஆனால் 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகளை வெளியிட்டபோது, உரிமை சுருங்குகிறது என்று முன்னாள் படைவீரர் பலர் குரல் எழுப்பினர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்க்குப் பணி நான்கு ஆண்டுகள். நிலைபெறுவோர் நால்வரில் ஒருவர் வரையில். ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. பணியிலிருக்கையில் வெளிப்படும் ஊனத்துக்கு இழப்பீடு உண்டு என்பது மெய். ஆனால் இருபத்திரண்டு வயதில் வெளியேறியவனுக்கு முப்பத்திரண்டில் விழித்தெழும் நோய்க்கு யார் விடை சொல்வது? உட்புண் நான்காண்டுக் கணக்கறியாது!

துவாக்குடிக்கு அருகே 1966-இல் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவாகும் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு; சோதனை உண்டு; அது எங்கே போயிற்று என்று சொல்ல ஏடு உண்டு. இரும்புக்கு உள்ள ஏடு அதனைத் தோளில் சுமந்த எலும்புக்கு வேண்டாவா? படையை விட்டு விலகும் ஒவ்வொருவனுக்கும் எந்த மண்ணில் நின்றான், எந்த நச்சுக் காற்றை மூச்சிழுத்தான், எந்தச் சுரம் கண்டான் என்ற குறிப்பேடு அவன் கையிலேயே தரப்பட வேண்டும். ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சோதனை, பதவி பார்க்காமல் பணிக்காலம் பார்க்காமல், அவன் வாழ்நாள் முழுதும் உரிமையாக வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை என்றும் அரசின் தோளிலேயே இருக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கலாமா? பள்ளிகளில் போர் தொடங்கிய ஆண்டையும் உடன்படிக்கை எழுதிய ஆண்டையும் மனப்பாடம் செய்விக்கிறோம். போர் எந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் இருமிற்று என்பதைக் கற்பிப்பதில்லை. ஊர்தோறும் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் ஒரு குறிப்பேடு எடுத்து, முன்னாள் சிப்பாய்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் இசைவோடு கேட்டு எழுதட்டும். எங்கே சென்றார், என்ன நோயோடு வந்தார், ஊர் என்ன சொல்லிற்று, அரசு என்ன தந்தது? கயிறு கட்டச் சொல்வோரிடமிருந்து நோயாளியை மீட்டு மருத்துவமனை வாயிலில் சேர்க்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தரட்டும்.

சென்றவர் எண்ணும் மாண்டவர் எண்ணும் கல்லில் இருக்கின்றன. மூன்றாவது எண்ணை எழுத வேண்டிய ஏடு நம் கையில் இருக்கிறது.