புள்ளலூர்ப் போர் நினைவுத் தூண்கள்

காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் வயல்களை ஒட்டி இரண்டு நினைவுத் தூண்கள் உள்ளன. மகேந்திரவர்மப் பல்லவன் புள்ளலூரில் பகைவரை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவரின் பெயரைச் சொல்லவில்லை. தூண்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

1780 செப்டம்பர் 10 அன்று இப்பகுதியில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் அந்தப் படை நிலைகுலைந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

ஊருக்குப் புகழ் தந்தது இந்தப் போர்தான். ஆனால் தூண்கள் இதற்கானவை அல்ல. 1781 ஆகஸ்ட் 27 அன்று சர் அயர் கூட் தலைமையில் இங்கே மீண்டும் போர் நடந்தது. அதில் இறந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இரு ஆங்கிலேய அதிகாரிகளுக்கே இவை எழுப்பப்பட்டன. நேரில் செல்வோர் ஆண்டைக் கவனிக்காவிட்டால் இரண்டு போர்களையும் ஒன்றாக்கிவிடுவர்.

முதல் போரைப் பார்க்க ஸ்ரீரங்கப்பட்டணம் செல்ல வேண்டும். அங்கே தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு அந்த வெற்றியை ஓவியமாக்கினார். வெடிக்கும் மருந்து வண்டியும் பல்லக்கில் பெய்லியும் அதில் உண்டு. பெய்லி படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குப் புள்ளலூரில் தூண் இல்லை.